நடுக்கோட்டில் நின்றவள்

வெல்டன், அயோவா
நவம்பர் 26, 1979

ஆர்லிஸ்,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. பொய் எழுத எனக்கு வராது என்று உனக்கே தெரியும்.

சனிக்கிழமை ஐந்து மணி நேரம் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தோம். மாடுகளுக்குத் தீனி போடும் வேலையைப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் கெஞ்சி ஒப்படைத்துவிட்டு டுவேன் வந்தார். எதற்கு? எங்கள் மகள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க. உன் அணி இருபது புள்ளி பின்தங்கிப்போன பிறகு, கடைசி ஒன்றரை நிமிடத்துக்கு, போனால் போகிறது என்று அவளை எழுப்பிவிட்டாய்.

பள்ளிக் கூடைப்பந்தில் ஒரே மேட்சில் அறுபத்தொரு புள்ளி போட்டவள் ரெனே. எங்கள் ஊர் எல்லைப் பலகையில் ஜனத்தொகைக்குக் கீழே அவள் பெயர்தான் இருக்கிறது. இப்போது தானியக் கிடங்குக்குப் போனால் டுவேனைச் சுற்றி நின்றுகொண்டு, "என்னப்பா, உம் பொண்ணு அங்க மத்தவங்களுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்குறாளாமே!" என்று கேட்கிறார்கள். மனுஷன் மூட்டையை வாங்காமலே திரும்பி வந்துவிட்டார்.

நாலு கல்லூரி அவளைக் கூப்பிட்டது. உன்னிடம் அனுப்பினேன், நீ என் அக்கா என்பதால். என் சமையலறையில் உட்கார்ந்து ஆப்பிள் பை இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "என் கண்ணு மாதிரி பாத்துக்கறேன் வில்மா" என்றாய். மேட்ச் முடிந்ததும் பேச வந்தால், துணி துவைக்கப் போடணும் என்று ஓடிவிட்டாய். என்ன பயம் உனக்கு?

வில்மா


பிராட்ஃபோர்க், தெற்கு டகோடா
டிசம்பர் 2, 1979

வில்மா,

சலவைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பன்னிரண்டு சீருடைகள் இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆண்கள் அணிக்குத் துவைத்துப்போட ஆள் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு நான்தான் ஆள். வேன் ஓட்டுகிறவளும் நான்தான், கணுக்காலுக்குக் கட்டுப் போடுகிறவளும் நான்தான். ஆகவே அன்றைக்கு ஓடியது சாக்கு இல்லை.

ரெனே ஏன் பெஞ்சில் இருக்கிறாள் என்று கேட்டாய். நடுக்கோட்டில் நின்றுவிடுகிறாள், அதனால்தான்.

நம் ஊர்ப் பெண்கள் ஆட்டத்தை இந்த டகோடாப் பெண்களுக்கு விளக்கி விளக்கி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. "ஆறு பேரு. மூணு பேரு இந்தப் பாதியில தடுப்பாங்க. மூணு பேரு அந்தப் பாதியில கூடையில போடுவாங்க. நடுக்கோட்டை ஒருத்தரும் தாண்டக் கூடாது. பந்தை ரெண்டு தடவைக்கு மேல தரையில தட்டவும் கூடாது" என்றேன். "நெசமாவா கோச்? ஜெயில் மாதிரில்ல இருக்கு!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கல்லூரியில் ஐந்து பேர், முழு மைதானம், எல்லாரும் எல்லா வேலையும் செய்ய வேண்டும். உன் மகளோ ஏழு வருடம் போடுகிற பாதியிலேயே வளர்ந்தவள். பந்து எதிரணிக்குப் போனதும் நாலு பேர் தடுக்க ஓடுகிறார்கள். இவள் நடுக்கோடு வரை ஓடி, கால்விரல் கோட்டில் படாமல் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாள். இனி அது அடுத்தவர் வேலை என்று உடம்பே முடிவு செய்துவிடுகிறது. "பாஸ்போர்ட் இருக்கா ரெனே? முத்திரை குத்திட்டு வா!" என்று தோழிகள் கத்துகிறார்கள். பந்து கையில் கிடைத்தாலும் இரண்டு தட்டு, பிறகு பசை போட்ட மாதிரி பிடித்துக்கொள்கிறாள். சோம்பேறி இல்லை அவள். பழக்கம் அப்படி.

எனக்கும் நிலைமை சரியில்லை. விளையாட்டுத் துறைத் தலைவர் ஹால்வர்சன் கூப்பிட்டு, "பதினஞ்சு மேட்ச் ஜெயிங்க, அப்புறம் அடுத்த வருஷத்தைப் பத்திப் பேசுவோம்" என்றார். ஆண்கள் கோச் போன வருடம் ஒன்பதே ஜெயித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார். பதினான்கு வருடத்தில் இது எனக்கு ஆறாவது ஊர். வந்து இரண்டு வருடம் ஆகியும் மூன்று அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கவில்லை. பிரித்தால் மறுபடி கட்ட வேண்டுமே என்று ஒரு நினைப்பு.

இயந்திரம் நின்றுவிட்டது. பின்னால் ஒரு பெண்மணி கூடையோடு முறைக்கிறாள்.

ஆர்லிஸ்


வெல்டன்
ஜனவரி 5, 1980

ஆர்லிஸ்,

கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒரு பெண் ஆடுவதைப் பார்க்கப் போனாயாம். கூடப்பிறந்தவளைப் பார்க்க மட்டும் உனக்கு வழி தெரியாது.

ரெனே வந்திருந்தாள். டிராக்டரை வெளியே நிறுத்திவிட்டு, கொட்டகைத் தரையில் டுவேன் சுண்ணாம்பால் கோடு போட்டார். "எங்க, ஓடு பாப்போம்" என்றார். ஓடினாள். போனாள், வந்தாள், மறுபடி போனாள். நிற்கவே இல்லை. கோடு கண்ணிலேயே படாத மாதிரி ஓடினாள். "இப்பல்லாம் நிக்கிறதில்லப்பா, நிக்கிறதை விட்டு ரெண்டு வாரம் ஆச்சு" என்றாள். பிறகு ஏன் உட்கார வைக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "கோச்சுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்குக் கேட்காது என்று நினைத்திருக்கிறாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆட்டுவிக்கத் தெரியாதவள் நடுக்கோடு என்கிறாள்.

நானே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தேழாம் வருடத்து மாநில இறுதி ஆட்டம் இன்னும் உன் தொண்டையில் நிற்கிறது. நான் போடுகிறவள், நீ தடுக்கிறவள். அப்படிப் பிரித்தது நான் இல்லை, நம் பள்ளிக்கூடத்துக் கோச். பேப்பரில் என் படம் வந்தது. ஊரில் என்னைத் தோளில் தூக்கினார்கள். நீ அந்தப் பக்கப் பாதியிலேயே நின்றாய். அதற்கு என் மகள் தண்டனை அனுபவிக்க வேண்டுமா?

இன்னொன்று. பெஹ்ரன்ஸ் வீட்டுப் பையன் கர்ட் மோதிரம் வாங்கி வைத்திருக்கிறான். நல்ல பையன்தான், ஆனால் ரெனேவுக்கு இப்போது பத்தொன்பது. மாதக் கடைசிக்குள் அவளை ஆட விடவில்லை என்றால் நானே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன். பிறகு நீ என் வாசலை மிதிக்க வேண்டாம்.

வில்மா


வேனிலிருந்து, வட டகோடா எல்லை
ஜனவரி 12, 1980

வில்மா,

பெண்கள் சாப்பிட இறங்கியிருக்கிறார்கள். எனக்குப் பசி இல்லை. உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாளாக அலைகிறேன். வாகனம் நிறுத்துமிடத்தை இதுவரை எட்டு முறை சுற்றியாயிற்று. இந்தக் குளிரில் யாருக்கடா பைத்தியம் என்று உணவகக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள்.

கொட்டகை வேறு, மேட்ச் வேறு. டுவேன் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் முழங்கையால் இடிக்கமாட்டார்கள். யாரை எப்போது எழுப்புவது என்பது என் வேலை. டிராக்டரை எப்போது எடுப்பது என்று நான் டுவேனுக்குச் சொன்னேனா?

பழிவாங்குகிறேன் என்கிறாய். வேன் ஓட்டவே எனக்கு நேரம் போதவில்லை.

ஐம்பத்தேழைப் பற்றி நீயாக எழுதியதால் நானும் ஒன்று கேட்கிறேன். நீ கடைசியாகப் போட்ட அந்தப் பந்து உன் கைக்கு எப்படி வந்தது? ஞாபகம் இருந்தால் எழுது.

இன்று ரெனே ஆடுவாள். நீ மிரட்டியதற்காக இல்லை.

ஆர்லிஸ்


வெல்டன்
பிப்ரவரி 10, 1980

அன்புள்ள ஆர்லிஸ்,

நேற்று சூ சிட்டியில் நடந்த மேட்சுக்கு வந்திருந்தோம். உன்னிடம் சொல்லவில்லை. மேல் வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். மறுபடி பெஞ்சில் இருந்தால் யாருக்கும் தெரியாமல் எழுந்து போய்விடலாம் என்று நான்தான் அந்த இடத்தைப் பிடித்தேன்.

முதல் நிமிடத்திலிருந்து ஆடினாள். ஆனால் நான் எழுத வந்தது கடைசி நிமிடத்தைப் பற்றி. இரண்டு பக்கமும் சமம். தங்கள் கூடைக்குக் கீழே எதிரணிக்காரி கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்தாளே, அது ரெனேதானா என்று டுவேனைக் கேட்டேன். இந்தப் பெண்ணுக்குப் பறிக்க வரும் என்று எனக்குத் தெரியாது. பறித்தவள் ஓட ஆரம்பித்தாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்றாவது தட்டு. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்! பக்கத்தில் இருந்த கிழவி எழுந்து நின்று, "மூணு தட்டிட்டா! ரெஃப்ரி, விசிலை ஊதுய்யா!" என்று கத்தினாள். அரங்கத்தில் பாதிப் பேர் அயோவாக்காரர்கள். இரண்டு தட்டு விதியிலேயே வளர்ந்தவர்கள். விசில் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் மறு கோடியில் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். டுவேன் தன் தொப்பியை எவன் தலையிலோ எறிந்துவிட்டார். அது இன்னும் கிடைக்கவில்லை.

கீழே வந்து உன்னைப் பார்த்திருக்க வேண்டும். வரவில்லை. நீ பெண்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாய். டுவேனை இழுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டேன்.

நீ கேட்டது எனக்கு ஞாபகம் வரவில்லை. பெட்டியைத் திறந்து அந்தப் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். 'பந்தை உங்களுக்குக் கொடுத்தது யார்?' என்று நிருபர் கேட்டிருக்கிறார். 'தடுக்கிற பெண்களில் ஒருத்தி' என்று நான் சொல்லியிருக்கிறேன், என் அக்கா என்று சொல்லவில்லை. அச்சில் அப்படியே இருக்கிறது. இத்தனை வருடம் அந்தப் படத்தை எல்லாரிடமும் காட்டியிருக்கிறேன், கீழே இருப்பதைப் படித்ததே இல்லை. வெட்கமாக இருக்கிறது. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

வில்மா


பிராட்ஃபோர்க்
மார்ச் 14, 1980

அன்புள்ள வில்மா,

பதினேழு ஜெயித்தோம். கேட்டது பதினைந்து.

நேற்று ஹால்வர்சன் கூப்பிட்டார். காபி கொடுத்தார். அவர் காபி கொடுத்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. "ஆர்லிஸ், நீங்க பிரமாதமா பண்ணிட்டீங்க. அதனாலதான் இனிமே பெண்கள் அணியை நாம சீரியஸா எடுத்துக்கணும்னு முடிவு பண்ணியிருக்கோம்" என்றார். சீரியஸாக எடுத்துக்கொள்வது என்றால் என்னவென்று கேட்டேன். ஆண்கள் அணியில் துணைக் கோச்சாக இருக்கிறானே பீவி, அவன் வருகிறானாம். இருபத்தைந்து வயது. பெண்கள் ஆடி அவன் பார்த்ததே இரண்டு மேட்ச்தான், அதிலும் ஒன்றில் பாதியில் எழுந்து போனான். அவனுக்குத் துவைக்க ஆள் உண்டாம். துணைக்கு ஒருத்தர் உண்டாம். நான் விரும்பினால் கைப்பந்தும், கட்டைகளைச் சாய்க்கப் பந்து உருட்டும் பவுலிங் வகுப்பும் எடுத்துக்கொண்டு இங்கேயே இருக்கலாமாம்.

"வேலை சின்னதா இருந்தவரைக்கும் அது என்னோடதா?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அப்போதே அவரைப் பார்த்துக் கத்தியிருக்க வேண்டும். காபியைக் குடித்துவிட்டுக் கோப்பையை நானே கழுவி வைத்துவிட்டு வந்தேன். ஏன் கழுவினேன் என்று இன்னும் புரியவில்லை.

மொன்டானாவுக்கும் நெப்ராஸ்காவுக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வகுப்பில் பாதி வாக்கியத்தில் மறந்துபோகிறேன்.

ஆனால் எழுதியது இதற்கு இல்லை. "நீங்க இல்லாத எடத்துல நான் ஆடமாட்டேன், வீட்டுக்குப் போறேன்" என்கிறாள் ரெனே. மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னால் கேட்கவில்லை. வில்மா, அவள் வந்தால் கதவைத் திறக்காதே. கர்ட் நல்ல பையனாகவே இருக்கட்டும். அவள் மேட்சில் முழு மைதானமும் ஓட ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பீவி ஒரு மண்ணாங்கட்டி, ஆனால் மைதானம் அவனுடையது இல்லை. என்னைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், இதை மட்டும் செய்.

ஆர்லிஸ்


வெல்டன்
மார்ச் 31, 1980

அன்புள்ள ஆர்லிஸ்,

வந்தாள். கதவைத் திறந்தேன். நீ சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்? சோறு போட்டேன், தூங்க விட்டேன். மறுநாள் கர்ட் பூங்கொத்தும் கையுமாக வந்து நின்றான். அவனுக்கும் சோறு போட்டேன்.

ஜனவரியில் அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று உன்னை மிரட்டியவள் நான்தானே. இப்போது தானே வந்து நிற்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டாமா? மாவு பிசைந்துகொண்டே யோசித்தேன், சந்தோஷம் வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தோடு நிறுத்தியவள். அப்போது பெண்களுக்குக் கல்லூரியில் ஆட்டமே இல்லை. அதனால் என் பதினெட்டாவது வயதிலேயே எல்லாம் முடிந்துபோனது. என்னைத் தோளில் தூக்கினவர்கள் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

மூன்றாம் நாள் அவளை வண்டியில் ஏறச் சொன்னேன். "எங்கம்மா?" என்றாள். "நீ விட்டுட்டு வந்த எடத்துக்குத்தான்." "பெரியம்மாவைத் தொரத்தினவங்ககிட்ட நான் ஆடணுமா?" என்று கத்தினாள். "நீ வீட்டுல உக்காந்தா யாருக்குடி நஷ்டம்? ஹால்வர்சனுக்கா? அந்தாளுக்கு உன் பேரை எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. வாயை மூடிட்டு ஏறு" என்றேன். ஐந்து மணி நேரம் என்னோடு பேசவில்லை. விடுதி வாசலில் இறக்கிவிட்டேன். உன் வீட்டுக்கும் வந்தேன், பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், உன் பெட்டிகள் எல்லாம் கட்டி நிற்கின்றன.

நான் உனக்காக ஒன்று செய்துவிட்டேன். பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். டிசம்பரிலேயே அவள் கோட்டில் நிற்பதை விட்டுவிட்டாள். பிறகும் ஒரு மாதம் உட்கார வைத்தாய். ஏன்? கோச்சாகப் பதில் எழுதாதே.

வில்மா


பிராட்ஃபோர்க்
ஏப்ரல் 9, 1980

அன்புள்ள வில்மா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நீ சொன்னது சரி. முதலில் உட்கார வைத்ததற்குக் காரணம் இருந்தது, அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில் அவள் சரியாகிவிட்டாள். பயிற்சியில் என் கண்ணெதிரே கோட்டைத் தாண்டி ஓடினாள், எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அதற்குப் பிறகு ஐந்து மேட்ச் அவளை உட்கார வைத்தேன். அதில் இரண்டில் தோற்றோம். ஒன்று மூன்று புள்ளியில், இன்னொன்று ஒரே புள்ளியில். அவள் ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம். எனக்கு அப்போதே தெரியும். வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்த நான், கையில் இருந்த வெற்றியை விட்டேன்.

நவம்பரில் நீ மூன்றாவது வரிசையில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். படம் எடுக்க உனக்கு ஒன்றும் இல்லை. ஐம்பத்தேழில் மறு பாதியில் நடப்பதை நான் பார்த்த மாதிரி, நீ வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அது பிடித்திருந்தது, வில்மா. வெளியே சொல்ல முடியாத அளவுக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் உன்னோடு பேசாமல் ஓடினேன். அந்த ருசி இன்னும் ஒரு மாதம் எனக்கு வேண்டியிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். உன் ஜனவரிக் கடிதம் வந்திருக்காவிட்டால் எத்தனை நாள் மேய்ந்திருப்பேனோ, தெரியாது. பழிவாங்க நேரமில்லை என்று உனக்கு எழுதியது பொய்.

இதைத் தபாலில் போடுவதற்கு முன்னால் ரெனேவிடம் சொன்னேன். ஜிம்மில், படிக்கட்டில் உட்கார்ந்து. உன் கேமராவைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். "எந்த அஞ்சு மேட்ச்?" என்றாள். ஊர் ஊராகச் சொன்னேன். ஒரு புள்ளியில் தோற்றதைச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டேன். "இப்ப பதில் சொல்ல முடியாது" என்றாள். "சொல்ல வேணாம்" என்றேன். "அம்மாகிட்ட நீங்களே எழுதுங்க. நான் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் தட்டும் சத்தம் வெளியில் கார் வரை கேட்டது.

மொன்டானாவிலிருந்து கடிதம் வந்துவிட்டது. சின்னக் கல்லூரி, அங்கேயும் நான்தான் துவைக்க வேண்டும். ஆனால் முதலில் தெற்கே வந்து சில பெண்களைப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறேன். வரச் சொன்னால் வருகிறேன். வேண்டாம் என்றால் நெடுஞ்சாலையோடு போய்விடுவேன், உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

ஆர்லிஸ்


வெல்டன்
ஏப்ரல் 14, 1980

ஆர்லிஸ்,

படித்தேன். டுவேனிடம் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து கொட்டகைக்குப் போனவர் சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.

ஐந்து மேட்ச். என் பெண்ணின் ஐந்து மேட்ச். உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். எழுதி முடித்தும் ஆத்திரம் அடங்கவில்லை, அடுப்பில் போட்டுவிட்டேன். காகிதத்தில் திட்டினால் நீ பாதியில் மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாய், எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை வா. நீ உட்கார்ந்து கேட்க வேண்டும், நான் முடிக்கிறவரை எழுந்திருக்கக் கூடாது. நிறைய நேரம் ஆகும். இரவு தங்குகிற மாதிரி வா.

வில்மா